கேள்வி – பதில்: மலைக்காட்டின் வருமானம் யாருடைய கணக்கில் வரவாகிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழ்நாட்டுப் பக்கத்துக் காடுகளால் சுற்றுச்சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் விளையும் பயன் என்ன என்று வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஏழு இங்கே இடம்பெறுகின்றன. சில கேள்விகளுக்கு நீண்ட விடை தேவைப்பட்டது. பொருளின் தன்மை அப்படி.

மரம் இருந்தால் மழை வரும் என்று பள்ளிக்கூடச் சுவர் முதல் பேருந்தின் முதுகு வரை எழுதியிருக்கிறார்கள். அது உண்மையா? பொதிகை மலைக் காட்டினால், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் எனக்கு நேரடியாக என்ன கிடைக்கிறது?
– அம்பாசமுத்திரம் விவசாயி ஒருவர்

அந்த வாசகத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது. பொதிகையில் பெய்யும் பெருமழையைக் கொண்டுவருவது மரமன்று, மலை. அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றும், வங்கக்கடலிலிருந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்றும் அந்த மலைச்சுவரில் மோதி மேலெழும்பும்போது குளிர்ந்து மழையாகின்றன. இரண்டு பருவத்திலும் மழை பெறும் மலை என்பதால்தான் நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி போன்ற இடங்கள் தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பதிவாகும் இடங்களாக இருக்கின்றன. அந்த மலையை மொட்டையடித்தாலும் பருவக்காற்று அதில் மோதத்தான் செய்யும்.

ஆனால், விழுந்த மழை என்ன ஆகிறது என்பதில்தான் உங்கள் வயலின் தலையெழுத்து இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதத்தில், காணிப் பழங்குடி மூப்பர் ஒருவருடன் மலையின் உயர்ந்த பகுதியில் உள்ள சோலைக்குள் நடந்தேன். மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. மேலே கிடந்த சருகு காலடியில் நொறுங்கியது. மூப்பர் குனிந்து கையாலேயே அந்தச் சருகை விலக்கினார். அதற்கடியில் பாதி மக்கிய இலை, அதற்கும் கீழே வெள்ளை நூலாகப் பூஞ்சை ஓடிய கரிய மண். ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து மூடச் சொன்னார். இறுக்கிப் பிடித்தபோது விரலிடுக்கில் நீர் கசிந்தது. பத்தடி தள்ளி, ஒரு பாறையின் வெடிப்பிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஊற்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊற்றுத் தண்ணீர் மூன்று வாரத்துக்கு முந்தைய மழையன்று. பெரும்பாலும் அதற்கும் பல மாதங்களுக்கு முன் பெய்து, மண்ணுக்குள் மெல்ல மெல்ல இறங்கி வந்த மழை.

காடு செய்யும் வேலை இதுதான். இலைக்கூரை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது, சருகு அதைத் தரையில் ஓடவிடாமல் நிறுத்துகிறது, வேர் துளைத்த வழியிலும் மண்புழுவும் கறையானும் குடைந்த வழியிலும் நீர் உள்ளே இறங்குகிறது. மரங்கள் தாமும் நீரைக் குடிக்கின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் காட்டிலிருந்து வெளியேறும் நீரின் மொத்த அளவு வெற்று மலையிலிருந்து ஓடி வருவதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் விவசாயிக்கு வேண்டியது மொத்த அளவு மட்டுமா? பத்து நாளில் சேறாக வந்து கடலில் கலக்கும் வெள்ளத்தைக் காட்டிலும், பத்து மாதம் தெளிவாக ஓடும் ஆறு அவருக்குப் பல மடங்கு பெறும்.

தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர் நீளமே உள்ள சிறிய ஆறு. ஆயினும் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகளின் வழியே ஏறத்தாழ 86,000 ஏக்கர் அதன் நீரால் விளைகிறது. கார், பிசானம் என்று ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கும் வழக்கம், மலையில் இரு பருவ மழையும், அம்மழையைப் பிடித்துவைக்கும் காடும் இருக்கும் ஊரில்தான் உருவாக முடியும். இந்த அணைக்கட்டுகளில் பெரும்பாலானவை பாபநாசம் அணைக்கு நூற்றாண்டுகள் மூத்தவை. அணையே இல்லாத காலத்தில் ஆற்றை வற்றாமல் வைத்திருந்தது அந்த மலைதான். 1942-இல் பாபநாசம் அணை வந்தபின் நீரைத் தேக்கும் வேலையில் ஒரு பங்கை அது எடுத்துக்கொண்டது. எண்பது ஆண்டுகளைக் கடந்தும் அது பயனில் இருப்பதற்கு, நீர்ப்பிடிப்பின் பெரும்பகுதி 1988-இல் அறிவிக்கப்பட்ட களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் காடாகவே இருப்பதும் ஒரு முக்கியக் காரணம். மேலே மலை மொட்டையானால் மண் கரைந்து அணைக்குள் படியும். படிந்த வண்டலை வாரி எடுப்பதற்கு ஆகும் செலவை எந்த அரசும் எளிதில் தாங்காது. அதே நீர் பாபநாசத்தில் மின்சாரமும் தந்துவிட்டுத்தான் உங்கள் கால்வாய்க்கு வருகிறது. கீழே திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் எத்தனையோ ஊர்களுக்குக் குடிநீராகவும் போகிறது.

உங்களுக்கு நேரடியாகக் கிடைப்பது ஜூன் மாதத்தில் நாற்றுப் பாவ முடியும் என்ற நம்பிக்கை. அதற்கு நீங்கள் தனியாக விலை எதுவும் கொடுப்பதில்லை என்பதால் அது கணக்கில் வருவதில்லை.

அப்படியானால் 2023 டிசம்பரில் எங்கள் ஊர் ஏன் மூழ்கியது? மலையில் காடு இருந்ததே?
– ஏரல் வாசகர்

நியாயமான கேள்வி, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவரின் கேள்வி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்த ஊரில் சாதாரணமாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழைக்கு அது சற்றும் குறைந்ததன்று. அவ்வளவு மழை பெய்யும்போது காட்டு மண்ணும் நிறைந்துவிடும். நிறைந்த பஞ்சின்மேல் எவ்வளவு ஊற்றினாலும் வழியத்தான் செய்யும். சாதாரண மழையிலும் கனமழையிலும் வெள்ளத்தின் உச்சத்தைக் காடு தணிக்கும். அசாதாரணப் பெருமழையில் அதன் கை ஓரளவுக்கு மேல் எட்டாது. காடு இருந்தால் வெள்ளமே வராது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

மேலும், அந்த இரண்டு நாளில் மலையில் மட்டும் பெய்யவில்லை; சமவெளியிலும் கடற்கரையிலும் பெய்தது. அந்த நீருக்குக் காட்டோடு தொடர்பே இல்லை. அதைத் தாங்க வேண்டியவை குளங்கள், ஓடைகள், வாய்க்கால்கள். அவற்றின் கரை உடைந்ததையும் போக்குவழி அடைபட்டிருந்ததையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மலைக்காட்டையும் ஊர்க்குளத்தையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றைப் பேசாமல், ஒரே நீர்ப்பாதையின் இரண்டு முனைகளாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நீலகிரியில் பெரிய பெரிய புல்வெளிகள் வெறுமனே கிடக்கின்றன. அங்கேயும் மரம் நட்டால் காட்டின் பரப்பு கூடும், கரியமில வாயுவும் குறையும் அல்லவா?
– கோத்தகிரி கல்லூரி மாணவி

உங்கள் நோக்கம் நல்லது. ஆனால் இதே நோக்கத்தோடு செய்த வேலைதான் நீலகிரிக்குப் பெரும் கேட்டைச் செய்திருக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கடல் மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட நம் மலைகளில் இயற்கையின் அமைப்பு இரண்டு பாகமானது. மடிப்புகளிலும் பள்ளங்களிலும் சோலைக்காடு. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. புல்வெளி என்பது யாரோ காட்டை அழித்ததால் உண்டானது என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். நீலகிரியின் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, அங்கே உழவும் கோடரியும் வருவதற்கு வெகு காலம் முன்பே, புல் இருந்தது தெரியவந்தது. அந்தப் புல்வெளியில்தான் வரையாடு மேய்கிறது. அங்கேதான் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. அதன் ஓரத்துச் சதுப்புகளில்தான் பைக்காராவும் பவானியின் மேல் கிளைகளும் பிறக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) கொண்டுவரப்பட்டன. விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைகளின் கூழுக்காகவும் பல்லாயிரம் ஏக்கர் புல்வெளி அவற்றால் மூடப்பட்டது. இதன் விளைவைக் கண்டறிய, உதகையில் உள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கன் பகுதியில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டனர். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றொன்றின் புல்வெளியில் கற்பூர மரத்தை நட்டு ஆண்டுக்கணக்கில் ஓடை நீரை அளந்தனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டியபின் துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. வறண்ட மாதங்களின் ஓட்டம்தான் அதிகம் அடிபட்டது.

இது வெறும் தாவரவியல் செய்தியன்று. 1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின்தான் கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுற்றுவட்டக் கிணறுகளில் மின்மோட்டார் ஓடத் தொடங்கியது. 1950-களில் தொடங்கிய குந்தா மின்திட்டமும் இதே மேல்மலை நீரைத்தான் நம்பியது. கீழே பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானிக் கால்வாய் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. ஈரோட்டு மஞ்சள் வயலுக்கும் நீலகிரி மேல்மலையான முக்கூர்த்தியின் புல்லுக்கும் உள்ள உறவு இதுதான். மலையுச்சியில் நீரைக் குறைக்கும் மரத்தை நட்டுவிட்டு, அதைக் காட்டின் பரப்பு கூடியதாகக் கணக்கில் எழுதினால், அந்தக் கணக்கு ஏட்டில் மட்டுமே நேராக இருக்கும்.

கரியமில வாயுவைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மலைப்புல்வெளி தன் கரியைப் பெரும்பாலும் மண்ணுக்கடியில், வேரிலும் மக்கிலும் வைத்திருக்கிறது. மேலே தீ ஓடினாலும் கீழே உள்ளது பெருமளவு தப்பும். அடுத்த மழையில் புல் மீண்டும் தழைக்கும். சீகைத் தோப்பில் தீப்பிடித்தால் மரத்தில் சேர்ந்த கரி அத்தனையும் புகையாகிறது. பின்னர் அதே சாம்பலில் சீகை விதைதான் முதலில் முளைக்கிறது. அதனால் மேல்மலையில் இன்று வேண்டியிருப்பது மரம் நடுவதைக் காட்டிலும், நட்ட அந்நிய மரத்தைப் பொறுமையாக அகற்றிப் புல்லை மீட்பது. அகற்றும்போதும் அவசரம் கூடாது. சில இடங்களில் சீகையின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாக முளைத்து வருகின்றன. அங்கே வெட்டுக்கத்தியைச் சற்று நிறுத்திவைப்பதே நல்லது.

காட்டுக்கு ரூபாய்க் கணக்கில் மதிப்புப் போட முடியுமா? போடுவது சரியா?
– மதுரை வாசகர்

போட்டிருக்கிறார்கள், அதுவும் உங்கள் ஊர்த் தண்ணீரைச் சேர்த்தே. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்துக்காகப் போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மைக் கழகம் ஆறு புலிகள் காப்பகங்களின் பயன்களை மதிப்பிட்டு 2015-இல் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் ஒன்று பெரியாறு. அது கேரளத்தில் இருந்தாலும், 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர்ப்பிடிப்பு அந்தக் காட்டுக்குள் இருப்பதால், அதன் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து, வைகையோடு சேர்ந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பயன்படுகிறது.

அந்த அறிக்கையின்படி பெரியாறு காப்பகம் ஆண்டொன்றுக்குத் தரும் பயனின் மதிப்பு சுமார் 1,760 கோடி ரூபாய். அதில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் போகும் நீர் மட்டும் 405 கோடி. மரபணு வளத்தைக் காப்பதன் மதிப்பு 786 கோடி. மிளகும் ஏலமும் பிறந்த மலை இது என்பதை நினைத்தால் அந்த எண் வியப்பளிக்காது. இக்காலத்தில் எல்லோரும் அதிகம் பேசும் கரியமில வாயு உறிஞ்சுவதன் மதிப்பு, சுமார் 42 கோடிதான். நீரின் மதிப்பில் அது பத்தில் ஒரு பங்கு. நம் பகுதியைப் பொறுத்தவரை காட்டின் முதற்பயன் தண்ணீர் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த எண்களும் துணை நிற்கின்றன.

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கூடலூர்ப் பகுதியில் மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில்தான், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், உடைமை யாருடையதாயினும் அகராதிப் பொருளில் காடாக இருப்பதெல்லாம் காடே என்று தீர்ப்புரைத்தது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுப்பவர் அதன் நிகர மதிப்பைச் செலுத்த வேண்டும் என்ற விதி வந்தது. 2008-இல் அதற்கு விதித்த தொகை காட்டின் தரத்தைப் பொறுத்து ஹெக்டேருக்கு 4.38 லட்சம் முதல் 10.43 லட்சம் ரூபாய் வரை. பெரியாறு காப்பகத்தின் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். 1,760 கோடியை அதன் ஹெக்டேர்களால் வகுத்தால், ஒரு ஹெக்டேர் ஓர் ஆண்டுக்குத் தருவது சுமார் 1.90 லட்சம் ரூபாய். அதாவது, மிக உயர்ந்த வீதத்தில் விலை கொடுத்தவரும், காட்டின் ஐந்தரை ஆண்டுப் பயனைக் கொடுத்துவிட்டு அதை என்றென்றைக்கும் எடுத்துக்கொண்டார். 2022-இல் இத்தொகை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்தப்பட்டது. அப்படியும் எட்டு ஆண்டுப் பயனைச் சற்றுத்தான் தாண்டுகிறது.

மதிப்புப் போடுவது சரியா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை: சரி, ஓர் எச்சரிக்கையோடு. எண் இல்லாவிட்டால் சாலைக்கும் சுரங்கத்துக்கும் எதிரே காட்டின் மதிப்பு பூஜ்யம் என்றே கோப்புகளில் கொள்ளப்படும். அதைத் தடுக்க எண் வேண்டும். ஆனால் விலை சொன்ன பொருளை விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஒரு சோலையை அழித்துவிட்டு, சமவெளியின் தரிசு நிலத்தில் கன்று நட்டு ஈடு செய்ததாகச் சொல்வது அப்படிப்பட்ட எண்ணம்தான். அந்தக் கன்றுகள் நன்றாக வளர்ந்தாலும் வைகைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடத் தராது, ஏனெனில் அவை இருக்கும் இடம் வேறு.

குற்றாலத்தில் சீசன் வியாபாரத்தை நம்பி வாழ்கிறோம். அருவிக்கும் காட்டுக்கும் என்ன தொடர்பு?
– தென்காசி வணிகர்

சாரல் மலையில் இறங்கியதும் அருவியில் தண்ணீர் விழுவதைப் பார்க்கும்போது அது வானத்திலிருந்து நேரே வருவதுபோல் தோன்றும். உண்மையில், மழை விட்ட நாட்களிலும் அருவி விழுந்துகொண்டிருப்பதற்குக் காரணம் மேலே உள்ள சிற்றாற்றின் காட்டு நீர்ப்பிடிப்பு. காடு மெலியும்போது அருவி இரண்டு வகையில் கெடும்: மழை பெய்தால் திடீரென்று சேற்று வெள்ளம், விட்டால் வெறும் பாறை. இரண்டு நாளிலும் குளிக்க முடியாது. இரண்டு நாளிலும் உங்கள் கடையில் வியாபாரம் இருக்காது. விடுதி முதல் எண்ணெய் தேய்த்துவிடுபவர், மங்குஸ்தான் கூடைக்காரர் வரை எல்லோருடைய வருமானமும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அருவி எத்தனை நாள் சீராக விழுகிறது என்பதில் இருக்கிறது. சங்கத்தின் சார்பில் அறிவிப்புப் பலகை வைப்பதோடு நில்லாமல், மேல்மலைத் தோப்புகள் கைமாறுவதையும் அங்கே கட்டடம் எழுவதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பயனெல்லாம் கீழே இருப்பவர்களுக்கு. எங்களுக்கு யானையும் வழக்கும்தான். காட்டின் ஓரத்தில் வாழும் எங்களுக்கு என்ன கிடைக்கிறது?
– கூடலூர் வாசகர்

இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் உறுத்திய கேள்வி இது. நீங்கள் சொல்வது உண்மை. பெரியாறு காப்பகத்திலிருந்து மட்டும் ஆண்டுக்கு 405 கோடி ரூபாய் மதிப்புள்ள நீர் கீழே போகிறது; அந்த மதிப்பில் ஒரு பங்காவது திரும்ப மேலே வருவதற்கு நிலையான ஏற்பாடு எதுவும் இல்லை. மின்வாரியத்துக்குத் தண்ணீர், மாநகராட்சிக்குத் தண்ணீர், ஆலைக்குத் தண்ணீர். வாழைத்தோட்டம் ஒரே இரவில் மிதிபட்டவருக்கு ஒரு விண்ணப்பமும் அதன் பின்னே நெடுங்காத்திருப்பும். காட்டைக் காப்பதன் செலவை வறியவர்களில் வறியவர் சுமக்க, அதன் பயனை மற்றவர் பெறுவது நெடுநாள் நிற்காது. காட்டுக்கும் அது நல்லதன்று.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. பெரியாறு காப்பகத்தில், காட்டு இலவங்கமான வயணப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்று, வழக்குகளில் சிக்கியிருந்தவர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, 1990-களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்த அவர்கள் இன்று பயணிகளை அழைத்துச் செல்கிறார்கள். திருடர் வரும் வழியும் அவர்களுக்குத் தெரியும். அகத்தியமலையின் கேரளச் சரிவில், காணிகள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவானபோது, அதன் உரிமத் தொகையில் காணிகளுக்கும் பங்கு கொடுக்கப்பட்டது. மரபறிவுக்கு உலகில் முதன்முதலாகப் பங்கு கிடைத்த நிகழ்ச்சிகளில் ஒன்றாக அது பேசப்படுகிறது. நடைமுறையில் குறைகள் இருந்தன. ஆயினும் வழி காட்டியது.

உங்கள் பகுதியிலேயே ஒன்றைச் சொல்லலாம். யானையின் தீவனப் புல்லை நெருக்கி அழிக்கும் உண்ணிச்செடியை வெட்டி, அதன் கொம்புகளை வேகவைத்து வளைத்து, இரும்புச் சட்டத்தில் பின்னி, ஆளுயர யானைகளைச் செய்கிறார்கள் பெட்டகுறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் ஆகிய மக்களின் கைவினைஞர்கள். 2021-இல் லண்டன் பூங்காக்களில் அந்த யானைக்கூட்டம் நின்றது. காட்டிலிருந்து ஒரு தீங்கு வெளியேறியது, வெட்டியவர் கையில் கூலி சேர்ந்தது. முதுமலையில் பரவிய மஞ்சள் கொன்றையையும் அகற்றிக் காகித ஆலைக்கு அனுப்பும் வேலை நடந்து வருகிறது. அதிலும் உள்ளூர்ப் பழங்குடியினருக்கே முதல் வேலை கிடைக்க வேண்டும்.

தேனையும் குறிப்பிட வேண்டும். பாறை முகட்டிலிருந்து காட்டுக்கொடியாலான ஏணியில் இறங்கி, புகை காட்டி, பெருந்தேனீயின் அடையைக் குறும்பர் எடுக்கும்போது, முழு அடையையும் அறுப்பதில்லை; அடுத்த ஆண்டுக்கும் தேனீ வர வேண்டுமே. அந்தத் தேனீக்கள்தான் சுற்றுப்புறக் காப்பித் தோட்டங்களின் மகரந்தத்தையும் சுமக்கின்றன. ரொபஸ்டா காப்பி வேறு செடியின் மகரந்தம் இல்லாமல் சரியாகக் காய்க்காது. எனவே, காட்டு மரத்தில் தொங்கும் கூடுகளைத் தோட்டக்காரரும் தம் சொத்தாகவே கருத வேண்டும்.

இவை எல்லாம் நல்ல எடுத்துக்காட்டுகள், உரிமை வேறு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கவும், தம் சமூகக் காட்டைக் காத்து நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாட்டில் அதன் நடைமுறை மிக மெதுவாகவே நகர்ந்திருக்கிறது. தனியாருக்கு நிலப்பட்டா கேட்பதோடு நிறுத்தாமல், சமூக வன உரிமைக்கும் உங்கள் கிராம சபை தீர்மானம் போட்டு, உட்கோட்ட அளவிலான குழுவுக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள். நீரால் பயன்பெறும் மின்நிலையங்களும் மாநகராட்சிகளும் ஒரு சிறு பங்கை, யானை மிதித்த தோட்டத்துக்கு உடனடி இழப்பீடு தரும் நிதியாக ஒதுக்க வேண்டும் என்பதை நான் இந்தப் பகுதியில் தொடர்ந்து எழுதுவேன்.

எங்கள் இளைஞர் மன்றத்தின் சார்பில் ஆற்றங்கரையில் நூறு மரம் நட விரும்புகிறோம். எந்த மரம், எப்போது நடலாம்?
– சேரன்மகாதேவி வாசகர்

ஆற்றங்கரைக்கு அந்த ஆறே வளர்த்த மரங்கள்தாம் பொருத்தம்: நீர்மருது, நாவல், புங்கம், இலுப்பை, கரை மேட்டில் ஆல், அத்தி. மணிமுத்தாறு, பாபநாசம் பக்கத்தில் இன்றும் நிற்கும் பெரிய நீர்மருதுகளின் அடியில் காய் உதிர்ந்து கிடக்கும். பொறுக்கி நீங்களே நாற்று வளர்க்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன், செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ நடுங்கள். கன்று இடுப்பளவாவது வளர்ந்திருக்க வேண்டும். வெள்ளம் அடிக்கும் மணல் திட்டில் நடாமல், கரையின் மேல் விளிம்பில் நடுங்கள். முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆட்டிடமிருந்து காக்கவும் ஆள் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இருபது கன்றுக்குத்தான் ஆள் இருக்கிறது என்றால், இந்த ஆண்டு இருபது நடுங்கள்.